மந்த காலத்தில் நாணயமாகத் தொழில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் சிறுதொழில் நடத்துபவர்களுக்கானது. முதலாளியே காலையில் வந்து கதவைத் திறந்து, மத்தியானம் பில் போட்டு, ராத்திரி கணக்கும் பார்க்கிற அளவிலான தொழில்கள். விலைவாசி, வட்டி, ஆர்டர் எதுவும் மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாத காலத்தில் இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு எழுதும் மேஜையிலிருந்து பார்த்துச் சொல்லும் பதில்கள் இவை. அதனால் கூட்டல் கழித்தல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எந்த ஊர்ப் பணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் வெறும் எண்களாகவே கொடுத்திருக்கிறேன்.

காலமே சரியில்லை. இப்போது வளர்ச்சியைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம். எதை வளர்ச்சி என்று எண்ணுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விற்பனைத் தொகை கூடினால் போதும் என்றால், அதற்குச் சுலபமான வழி உண்டு: கேட்டவர்களுக்கெல்லாம் கடனுக்குக் கொடுங்கள், விலையை அடித்து இறக்குங்கள். மூன்றே மாதத்தில் விற்பனை எகிறும். ஆறாவது மாதம் சம்பளம் போடக் காசு இருக்காது.

மந்த காலத்தில் நான் பார்ப்பது வேறு நாலு விஷயங்களை. திரும்பி வரும் வாடிக்கையாளர் எத்தனை பேர், சொன்ன நாளில் பணம் தருபவர்கள் எத்தனை பேர், உங்களுக்குக் கடனுக்குச் சரக்கு தர எத்தனை சப்ளையர்கள் தயார், இரண்டு வருடத்துக்கு மேலாகக் கூடவே இருக்கும் ஆட்கள் எத்தனை பேர். இந்த எண்ணிக்கைகள் ஏறினால், விற்பனை அப்படியே நின்றாலும் தொழில் வளர்கிறது என்றுதான் அர்த்தம். போட்டியில் இருக்கும் யாராவது கடையை மூடும்போது அவர்களுடைய வாடிக்கையாளரும் கைதேர்ந்த ஆட்களும் யாரைத் தேடி வருவார்கள் என்பதையும் இந்த எண்ணிக்கைகளே தீர்மானிக்கின்றன.

நேர்மைக்கும் கையிருப்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சிறுதொழிலில் சொல்லப்படும் பொய்களில் பெரும்பாலானவை பேராசையில் பிறப்பதில்லை, பணத் தட்டுப்பாட்டில் பிறக்கின்றன. ஒரு திங்கள்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். சப்ளையருக்குப் பாக்கி இருக்கிறது, அதனால் அவர் மூலப்பொருளை அனுப்பவில்லை. பொருள் வராததால் ஆர்டர் தயாராகவில்லை. பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் போன் செய்கிறார். "மெஷின் ரிப்பேர் சார், புதன்கிழமை கண்டிப்பா அனுப்பிடறேன்" என்கிறார் முதலாளி. போனை வைத்ததும் பக்கத்தில் இருக்கும் பையனைப் பார்த்து, "யார் கேட்டாலும் மெஷின் ரிப்பேர்னு சொல்லு" என்கிறார். புதன்கிழமையும் பொருள் போகாது. இப்போது மெஷினுக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை என்று அடுத்த பொய். இதற்குள் அந்தப் பையன் ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டான்: இங்கே பொய் சொல்லலாம். நாளைக்கு உங்களிடமே அவன் சொல்லும்போது கோபப்படுவதில் அர்த்தமில்லை.

இந்த முதலாளி கெட்டவர் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு கையில் இருந்த காசையெல்லாம் புது இடத்துக்கு அட்வான்ஸாகக் கொடுத்தவர், அவ்வளவுதான். ஆகவே இந்தக் காலத்தில் நாணயமாக இருக்க விரும்புகிறவருக்கு நான் சொல்லும் முதல் காரியம், காசு எப்போது வரும், எப்போது போகும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது. மனஉறுதியெல்லாம் அதற்கு அப்புறம்.

கணக்கில் லாபம் தெரிகிறது, கையில் காசு இல்லை. எங்கே போகிறது?

சரக்கிலும் பாக்கியிலும் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வாங்கிய பொருள் விற்கும்வரை சராசரியாக 45 நாள் கிடங்கில் கிடக்கிறது. விற்ற பிறகு வாடிக்கையாளர் 60 நாளில் பணம் தருகிறார். நீங்கள் சப்ளையருக்கு 30 நாளில் தந்தாக வேண்டும். 45, 60 இரண்டையும் கூட்டி 30 கழித்தால் 75. அதாவது போட்ட காசு திரும்பி வர 75 நாள் ஆகிறது. ஒரு நாள் கொள்முதல் 1,000 என்றால் எந்நேரமும் சுமார் 75,000 வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு பெரிய ஆர்டர் வந்து வியாபாரம் இரட்டிப்பாகிறது. சந்தோஷம்தான். ஆனால் மாட்டிக்கொள்ளும் தொகையும் 1,50,000 ஆகிறது. கூடுதல் 75,000 எங்கிருந்து வரும்? லாபத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் வராது. அகலக் கால் வைத்து விழுந்தவர்களின் கணக்குகளைப் பார்த்தால் பலவற்றில் கடைசி வருடம்தான் விற்பனை உச்சத்தில் இருக்கும். ஆர்டர் இல்லாமல் விழுவதைப் போலவே ஆர்டர் அதிகமாகியும் விழலாம்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. வசூலை 60 நாளிலிருந்து 45 நாளுக்குக் கொண்டுவந்தால், விற்பனை துளிகூட ஏறாமல் 15,000 கைக்கு வருகிறது. வட்டியில்லாத பணம், கடன் இல்லாத பணம். பழைய சரக்கை எண்ணி, ஆறு மாதமாக அசையாததை வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் இன்னும் கொஞ்சம் வரும். மந்த காலத்தில் வளர்ச்சிக்கான முதல் மூலதனம் பெரும்பாலும் இப்படி உள்ளேயே கிடைக்கும்.

எவ்வளவு கையிருப்பு வைத்திருக்க வேண்டும்? அதை எப்படிக் கண்காணிப்பது?

மூன்று மாதச் செலவுக்கான பணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கையிருப்பே இல்லாமல் ஓட்டுகிறவரிடம் போய் மூன்று மாதம் என்றால் எரிச்சல்தான் வரும். ஒரு மாதச் சம்பளமும் வாடகையும் சேர்ந்த தொகையை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். அங்கிருந்து ஏறலாம்.

கண்காணிக்க 13 வாரத் தாள் போதும். நிறுவனங்களைக் கரையேற்றும் வேலை செய்பவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது இதுதான். 13 வாரம் என்பது ஒரு காலாண்டு, சம்பளம், வாடகை, வரி, தவணை எல்லாமே ஒருமுறையாவது அதற்குள் வந்துவிடும். ஒரு தாளில் 13 கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வாரத் தொடக்கத்தில் கையில் இருப்பது, உள்ளே வருவது, வெளியே போவது, வார முடிவில் மிஞ்சுவது. அவ்வளவுதான். வருவதை எழுதும்போது பில்லில் இருக்கும் தேதியைப் போடாதீர்கள். அந்த ஆள் போன தடவை உண்மையில் எப்போது தந்தாரோ அந்த வழக்கப்படி போடுங்கள். நீங்களே உங்களுக்குப் பொய் சொல்லிக்கொள்ளும் இடம் அந்த வரிசைதான்.

எட்டாவது வாரத்தில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று இன்றைக்கே தெரிந்தால் செய்ய ஏராளம் இருக்கிறது: வசூலை முடுக்கலாம், ஒரு கொள்முதலைத் தள்ளலாம், வங்கியோடு பேசலாம், சப்ளையரிடம் முன்கூட்டியே சொல்லலாம். ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை தெரிந்தால் மிஞ்சுவது மெஷின் ரிப்பேர் கதைதான்.

விற்பனை குறைகிறது. தள்ளுபடி கொடுத்துப் பிடித்து நிறுத்தலாமா?

கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100க்கு விற்கும் பொருளுக்கு நேரடிச் செலவு 70. மிஞ்சுவது 30. நூறு உருப்படி விற்றால் 3,000. 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 90, மிஞ்சுவது 20. அதே 3,000 வேண்டுமென்றால் 150 விற்க வேண்டும். 20 சதவீதம் கொடுத்தால் மிஞ்சுவது 10, அப்போது 300 விற்க வேண்டும். ஊரே வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்று மடங்கு விற்க முடியுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாணயம் இடிபடும் இடம் இன்னொன்று. விலையை முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் "தள்ளுபடி" என்று பழைய விலைக்கே விற்பது. பல நாடுகளில் இது சட்டப்படியே தப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தள்ளுபடி அறிவித்தால், அதற்கு முந்தைய குறைந்தது 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று விதியே உண்டு. சட்டம் இல்லாத இடத்திலும், போன மாத பில்லை எடுத்து வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் இருந்தால் போதும், மானம் போய்விடும்.

பேரம் பேசுபவருக்கு ஒரு விலை, பேசத் தெரியாதவருக்கு ஒரு விலை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பணம் தருபவருக்கு, மொத்தமாக எடுப்பவருக்கு, நீண்ட ஒப்பந்தம் போடுபவருக்குக் குறைத்துக் கொடுங்கள். காரணம் வெளிப்படையாக இருந்தால் யாருக்கும் வருத்தமில்லை.

மூலப்பொருள் விலை ஏறிவிட்டது. வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

முதலில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைச் சரியாகப் போடுங்கள். "கொள்முதல் 10 சதவீதம் ஏறிவிட்டது, அதனால் நாங்களும் 10 சதவீதம் ஏற்றுகிறோம்" என்று பலரும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன கணக்கில் 70 ஆக இருந்த செலவு 77 ஆகிறது. பழைய 30 மிஞ்ச வேண்டுமென்றால் விலை 107 ஆனால் போதும், 7 சதவீதம். மீதி 3 உங்கள் கூடுதல் லாபம். கூடுதல் லாபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகையும் சம்பளமும்தான் ஏறியிருக்குமே. அதை மூலப்பொருள் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் விஷயம்.

அப்புறம் கடிதம். நாலு வரி போதும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் எங்கள் விலை 7 சதவீதம் கூடுகிறது. மூலப்பொருள் விலை இந்த ஆண்டில் 10 சதவீதம் ஏறியதுதான் காரணம். ஏற்கெனவே உறுதி செய்த ஆர்டர்களுக்குப் பழைய விலையே பொருந்தும். அளவிலும் தரத்திலும் மாற்றம் இல்லை."

"தவிர்க்க முடியாத சூழ்நிலையை முன்னிட்டு" என்று ஆரம்பிக்கும் கடிதங்களை யாரும் நம்புவதில்லை. மூலப்பொருள் விலை இறங்கும்போது என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்பார், அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். நீண்டகால வாடிக்கையாளர்களோடு, ஏறினால் இவ்வளவு, இறங்கினால் இவ்வளவு என்று முன்பே எழுதிக்கொள்வது நல்லது.

பயப்படும் அளவுக்கு ஆட்கள் விட்டுப் போக மாட்டார்கள். போனாலும் கணக்குப் பார்க்க வேண்டும். செலவு 70ஆகவே இருக்க விலையை 105 ஆக்கினால் மிஞ்சுவது 35. நூற்றில் 14 பேர் விலகினாலும் பழைய 3,000 கிட்டத்தட்ட அப்படியே கைக்கு வரும்.

விலையை ஏற்றாமல் அளவைக் கொஞ்சம் குறைத்தால் என்ன?

குறைக்கலாம், சொல்லிவிட்டு. சொன்னாலும்கூடக் கேலி வரலாம் என்பதற்கு டோப்லரோன் சாக்லேட் உதாரணம். 2016இல் பிரிட்டனில் 170 கிராம் கட்டியை 150 கிராம் ஆக்கினார்கள். கட்டியில் வரிசையாக இருக்கும் முக்கோணத் துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி அகலமானது. நிறுவனம் காரணம் சொல்லியும் கேலி அடங்கவில்லை. 2018இல் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். பிரான்சில் 2024 ஜூலை முதல், அளவு குறைந்து அலகு விலை ஏறிய பொருளுக்குப் பெரிய கடைகள் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். உங்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தே பழகிய இருநூறு வாடிக்கையாளர்களை வைத்துத் தொழில் செய்யும் உங்களால் தாங்க முடியாது.

சப்ளையருக்குக் குறித்த தேதியில் பணம் தர முடியவில்லை. என்ன செய்வது?

தேதிக்கு முன்னால் நீங்களே கூப்பிடுங்கள். தேதி தாண்டி அவர் கூப்பிடும்போது சொல்லும் அதே வார்த்தைக்கு மதிப்பு பாதிகூட இருக்காது. கூப்பிட்டதும் மந்தம், சந்தை, பேரிடர் என்று முன்னுரை வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை மூன்றில் ஒரு பங்கு, அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் மீதி, என்று தொகையும் நாளும் சொல்லுங்கள். சொல்லும் தொகை 13 வாரத் தாளைப் பார்த்துச் சொன்னதாக இருக்க வேண்டும். "முழுசா தந்திடறேன்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டுப் பாதி தருவதைவிட, கால்வாசி என்று சொல்லிக் கால்வாசியைச் சொன்ன நாளில் தருபவர் மீது நம்பிக்கை கூடுகிறது. இது விசித்திரமாகத் தோன்றலாம். கடன் கொடுத்துப் பழகிய யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் கொடுக்க முடியாதபோது யாருக்கு முதலில்? அதிகமாகக் கத்துபவருக்கு முதலில் கொடுப்பதுதான் வழக்கம். நான் மாற்றி வைப்பேன். உங்கள் பணம் வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாத தனிஆள், சின்ன லாரிக்காரர், கூலிக்கு வேலை செய்து கொடுப்பவர் முதலில். பெரிய நிறுவனங்களுக்கு வங்கி இருக்கிறது, ஒரு மாதம் பொறுப்பார்கள். பொறுக்க மாட்டேன் என்றால் வட்டி போடுவார்கள், அதைக் கொடுக்கலாம்.

எங்களுக்கு வரவேண்டிய பணத்தை ஒரு பெரிய வாடிக்கையாளர் இழுத்தடிக்கிறார். முறைத்துக்கொண்டால் ஆர்டர் போய்விடுமோ?

போகலாம். அதனால்தான் ஒரே வாடிக்கையாளர் உங்கள் விற்பனையில் பாதியைத் தாண்டும்போதே உஷாராக வேண்டும். அதற்கு அப்புறம் அவர் உங்களுக்கு முதலாளி மாதிரி, நீங்கள் சம்பளம் பேச முடியாத வேலைக்காரர்.

சட்டம் பல இடங்களில் சின்னவர்கள் பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உத்தரவு, நிறுவனங்களுக்கு இடையிலான கட்டணக் கெடுவைப் பொதுவாக 60 நாளுக்குள் வைக்கச் சொல்கிறது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாமதமான பாக்கிக்கு மத்திய வங்கி வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம். இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கு 45 நாள் வரம்பு. ஆனால் சட்டத்தைக் கையில் எடுக்கும் நிலை வருவதற்கு முன்பு செய்யக்கூடியவை நிறைய. சரக்கு போன அன்றே பில் போடுங்கள், வாரக் கடைசியில் இல்லை. ஆர்டர் எண், ரசீது, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பில் "திரும்பி வருவது" பெரும்பாலும் இவற்றால். கெடு முடிவதற்கு ஐந்து நாள் முன்பு, பில் பாஸாகிவிட்டதா என்று கணக்குப் பிரிவில் விசாரியுங்கள். கொள்முதல் அதிகாரியை விட அங்கே இருக்கும் ஆளைத் தெரிந்து வைத்திருப்பது பிரயோஜனம். கெடு தாண்டி 30 நாள் ஆனால் புதுச் சரக்கு போகாது என்பதை ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதி, எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடியுங்கள்.

100 பாக்கி வராமலே போனால் நஷ்டம் எவ்வளவு? முதலே 70 போகிறது. அந்த 70ஐ 30 சதவீத லாபத்தில் மீட்க இன்னும் 233க்கு விற்றாக வேண்டும். வராத ஆர்டரைவிட வசூலாகாத ஆர்டர் மோசம் என்பதை இந்த எண் சொல்லும்.

விற்பனை வரி, ஊழியர் பிடித்தம் எல்லாம் கணக்கில் சும்மாதானே இருக்கிறது. தற்காலிகமாக எடுத்துப் புரட்டலாமா?

கூடாது. அது உங்கள் பணம் இல்லை. வரி வசூலான அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், கண்ணில் படாமல் இருக்கட்டும். சிறுதொழில்கள் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். ஊழியரின் சம்பளத்தில் பிடித்த சேமிப்பைக் கட்டாமல் விடுவது அதைவிடக் கேவலம். பல நாடுகளில் கம்பெனி மூடினாலும் இயக்குநர்களின் சொந்தச் சொத்துவரை இந்தப் பாக்கி துரத்தும்.

புது ஆர்டருக்கு முன்பணம் வாங்கிப் பழைய பாக்கியை அடைக்கலாமா?

வாங்கும்போதே அந்தப் புது ஆர்டரை முடித்துக் கொடுக்க உங்களால் முடியும் என்று தாள் காட்டினால், சரி. முடியாது என்று தெரிந்தும் வாங்கினால் அது வியாபாரம் இல்லை, ஏமாற்று. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு திவால் சட்டம், தப்பிக்க நியாயமான வாய்ப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் கடனை ஏற்றிக்கொண்டே போன இயக்குநர்களைச் சொந்தப் பொறுப்பில் நிறுத்த வழி வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இதுபோல உண்டு. சட்டம் எப்படி இருந்தாலும், முன்பணத்தை அந்த ஆர்டரின் மூலப்பொருளுக்கு மட்டும் செலவழிக்கும் பழக்கம் உள்ள இடத்தில் இந்தக் கேள்வியே எழாது.

ஆட்களைக் குறைக்காமல் ஓட்ட முடியாது போலிருக்கிறது. நேர்மையாக எப்படிச் செய்வது?

இரண்டு கதைகள் சொல்கிறேன், இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. பாரி-வெமில்லர் இயந்திர உற்பத்தி நிறுவனத்துக்கு 2009 மந்தத்தில் ஆர்டர்கள் பெரிய அளவில் விழுந்தன. ஆட்களை அனுப்புவதற்குப் பதிலாக, தலைவர் பாப் சாப்மன் உட்பட எல்லோரும் நான்கு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுப்பது என்று முடிவானது. வசதி இருந்த சிலர், கஷ்டப்படும் சக ஊழியர்களுக்காக அவர்களுடைய வாரங்களையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி கரையேறியது.

மற்றொன்று மாசசூசெட்ஸின் மால்டன் மில்ஸ் துணி ஆலை. 1995 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்தது. உரிமையாளர் ஆரன் ஃபியூர்ஸ்டீன் ஆலையை அதே இடத்தில் திரும்பக் கட்டினார், வேலையில்லாமல் இருந்த தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமும் கொடுத்தார். நாடே கொண்டாடியது. 2001இல் கம்பெனி திவாலானது. மறுகட்டுமானக் கடனும் மலிவான போட்டித் துணியும் சேர்ந்து அழுத்தின. அவர் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல மனசு இருந்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும் என்று நம்புபவர்களிடம் இந்தக் கதையின் இரண்டாம் பாதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்ன இடத்தில் இதைச் செய்யும்போது வரிசை முக்கியம். முதலில் நீங்கள் தொழிலிலிருந்து உங்களுக்காக எடுக்கும் பணத்தைக் குறையுங்கள், அது எல்லோருக்கும் தெரியட்டும். அடுத்து ஓவர்டைம், அப்புறம் வேலை நாள். அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் ஒரே தடவையில் முடியுங்கள். மாதத்துக்கு ஒருவராக அனுப்பினால், மிஞ்சியவர்களில் திறமைசாலிதான் முதலில் வேறு வேலை தேடுவார். போகிறவருக்குச் சேர வேண்டிய தொகையை அன்றைக்கே கையில் கொடுங்கள். அதற்குக் காசு இல்லாத நிலைவரை முடிவைத் தள்ளிப்போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய அநியாயம்.

போட்டியாளர்கள் பொய் விமர்சனம் போடுகிறார்கள், பில் இல்லாமல் விற்கிறார்கள். நாங்கள் மட்டும் யோக்கியமாக இருந்து என்ன பயன்?

கோபம் நியாயமானதுதான். பில் இல்லாமல் விற்பவரோடு விலையில் மோத முடியாது, மோதவும் வேண்டாம். பில் தேவைப்படும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்: நிறுவனங்கள், பள்ளிகள், ஏற்றுமதியாளர்கள், உத்தரவாதம் கேட்பவர்கள். அவர்கள் பக்கம் நகருங்கள். கணக்கு முழுசாக இருப்பவருக்குத்தான் வங்கிக் கடனும் கிடைக்கும், நாளைக்குத் தொழிலை விற்க நினைத்தால் விலையும் கிடைக்கும். கணக்கில் காட்டாத விற்பனையைக் காட்டி யாரிடமும் விலை கேட்க முடியாது.

பொய் விமர்சனங்களுக்கு எதிராக அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் தனி விதி இருக்கிறது, மீறினால் அபராதம். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது எளிது. வேலை முடிந்த ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கருத்து கேளுங்கள், திருப்தியானவர்களிடம் மட்டும் இல்லை. மோசமான விமர்சனம் வந்தால் என்ன நடந்தது, என்ன சரி செய்தோம் என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் அந்தப் பதிலைத்தான் படிக்கிறார்கள்.

ஆர்டர் தருகிறேன், எனக்குத் தனியாகக் கமிஷன் வேண்டும் என்கிறார் கொள்முதல் அதிகாரி.

மறுத்துவிடுங்கள். ஒழுக்கத்தை விட்டாலும் காரணம் இருக்கிறது: அந்த ஆள் மாறினால் ஆர்டர் போகும், அவர் மாட்டினால் நீங்களும் மாட்டுவீர்கள், கமிஷன் வருடா வருடம் ஏறும், தரத்தில் கை வைத்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும். "எங்கள் விலைப்பட்டியலில் அதற்கு இடமில்லை, வேண்டுமானால் கம்பெனி பெயரில் தள்ளுபடி தருகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

கடன் வாங்கி விரிவாக்க இது சரியான நேரமா?

ஆர்டர் கையில் இருந்து, இயந்திரம் போதாமல் இருந்தால் யோசிக்கலாம். ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் இயந்திரம் வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுக்க முடியுமா, ராத்திரி ஷிப்ட் போட முடியுமா, வேலையின் ஒரு பகுதியை வெளியே கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மாறும் வட்டியில் வாங்கினால் வட்டி ஏறும் சாத்தியத்தையும் தாளில் போட வேண்டும். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய பூஜ்யம். 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதம். அவ்வளவு வேகமாக மாறும் என்று முந்தின வருடம் எத்தனை பேர் திட்டமிட்டிருப்பார்கள்? ஓவர்டிராஃப்டை (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி தரும் குறுகியகாலக் கடனை) நம்பி நீண்டகாலச் சொத்து வாங்குவது இதைவிட ஆபத்து. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்த பிறகு, ஒழுங்காகத் தவணை கட்டிய சிறுதொழில்களுக்கும் பல நாடுகளில் வங்கிகள் கடன் வரம்பைச் சுருக்கின. வங்கிக்குத் தன் பயம் இருக்கும்போது உங்கள் நாணயத்தைப் பார்க்க நேரமிருக்காது.

வங்கியோடு பேசும்போது கெட்ட எண்ணையும் காட்டுங்கள். கணக்கை ஜோடித்துக் கடன் வாங்கினால் முதல் தவணையிலிருந்தே பயந்துகொண்டு வாழ வேண்டும்.

இப்படியெல்லாம் இருந்தால் வளர்ச்சி மெதுவாகத்தானே இருக்கும்?

முதல் சில வருடங்கள் அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பேரம் பேச மறுத்தார்கள். கேட்கும் விலை ஒன்று, மனதில் வைத்த விலை ஒன்று என்பது பொய் என்பது அவர்கள் வாதம். எல்லோருக்கும் ஒரே விலை. ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். போகப் போக, அந்தக் கடைகளுக்குச் சின்னப் பிள்ளையைக்கூடத் தைரியமாக அனுப்பலாம் என்ற பெயர் வந்தது, கூட்டமும் வந்தது. பிற்காலத்தில் கேட்பரி சாக்லேட், பார்க்லேஸ், லாயிட்ஸ் வங்கிகள் போன்ற பெயர்கள் எழுந்தது இந்தக் குடும்பங்களிலிருந்துதான். அவர்களுடைய சபைகள், கடனைத் திருப்பாத உறுப்பினர்களைக் கூப்பிட்டு விசாரிக்கவும் விலக்கவும் செய்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் நல்ல எண்ணத்தில் வளர்ந்ததல்ல அது, கண்டிப்பான மேற்பார்வை இருந்தது.

உங்களுக்குச் சபை இல்லை. ஆனால் உங்கள் 13 வாரத் தாளை மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவரிடம் காட்டலாம். கணக்காளர், வேறு தொழில் செய்யும் நண்பர், யாராக இருந்தாலும் சரி, உங்களிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால்?

மூடுவதும் ஒரு முடிவுதான். ஊழியர் சம்பளம், வரி, சப்ளையர் பாக்கி எல்லாவற்றையும் கொடுக்கும் அளவுக்குக் காசு இருக்கும்போதே மூடினால் கடன் இல்லாமல் வெளியே வரலாம். சொந்த வீட்டை அடகு வைத்து இன்னும் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும் வாரத்தில் ஒரு வழக்கறிஞரையும் கணக்காளரையும் பாருங்கள். எந்தக் கடன் சட்டப்படி முதலில், எது பின்னால் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நண்பருக்கும் உறவினருக்கும் மட்டும் முதலில் கொடுத்துவிட்டுத் திவாலானால் அந்தப் பணத்தை நீதிமன்றம் திரும்பக் கேட்கலாம். கையில் இருக்கும் ஆர்டர்களில் முடிக்க முடிந்ததை முடியுங்கள், முடியாததற்கு முன்பணத்தைத் திருப்பி, அந்த வேலையைச் செய்யக்கூடிய வேறு ஒருவரின் பெயரையும் கொடுங்கள். ஊழியர்களுக்கு அனுபவச் சான்று எழுதிக் கொடுங்கள். கணக்குப் புத்தகங்களைச் சட்டம் சொல்லும் காலம்வரை பத்திரமாக வைத்திருங்கள். கேள்விகள் சில வருடம் கழித்தும் வரும்.